8 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

பெரியப்பா சிங்கப்பூரில் இருந்தபோது எடுத்த 11 சூப்பர் 8 (8 மி.மீ. அகல வீட்டு சினிமா ஃபிலிம்) ரீல்கள் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பல வருஷம் கிடந்தன. அவற்றுக்காகத்தான் மேசையில் வைத்து ஓட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் ரீல், மறுபக்கம் காலி ரீல், நடுவில் வெள்ளை விளக்கும் குட்டி கேமராவும் இருக்கும். ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் படம் பிடித்து மெமரி கார்டில் வீடியோவாக எழுதும் வகை. விஷயம் காதில் விழுந்ததும் அத்தை வீடு, சித்தி வீடு, அவர்களுடைய சம்பந்தி வீடு என்று டப்பாக்கள் வரத் தொடங்கின. டப்பா எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கோளாறுகள் என்னவோ அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

போவதற்கு முன் ஒன்று. வீட்டுப் படங்களுக்குப் பயன்பட்டது பெரும்பாலும் ரிவர்ஸல் ஃபிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவிய பிறகு பாசிட்டிவ் படமாகக் கைக்கு வந்தது. நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. கிழிந்தால் கிழிந்ததுதான். அதனால் ஸ்கேனரில் சத்தம் மாறினாலோ படம் நின்றாலோ முதலில் நிறுத்து பொத்தான், அடுத்து கேட் (படம் பிடிக்கும் இடத்தில் ஃபிலிம் போகும் சின்ன வழி) மூடியைத் திறப்பது, அதற்கப்புறம்தான் யோசனை. ஃபிலிமைப் பிடித்து இழுக்கவே கூடாது.

## எந்தக் கோளாறுக்கும் முதல் சோதனை

சோதனைத் துண்டு ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். துளைகள் நன்றாக இருக்கும், யாருக்கும் வேண்டாத 10 அடி ஃபிலிம் போதும். 8 மி.மீ. ஃபிலிமின் பழைய வகையான ரெகுலர் 8-இல் ஒன்று, பிறகு வந்த சூப்பர் 8-இல் ஒன்று இருந்தால் உத்தமம்.

கோளாறு வந்ததும் ரீலைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் துண்டை ஓட்டிப் பாருங்கள்.

துண்டு ஒழுங்காக ஓடுகிறது: ஸ்கேனர் சரி. கோளாறு உங்கள் ரீலில்.

துண்டிலும் அதே கோளாறு: அமைப்பிலோ ஸ்கேனரிலோ தப்பு.

ஸ்கேனர் பாழாகிவிட்டது என்று என்னிடம் புலம்பியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு நிமிஷச் சோதனையைச் செய்யாதவர்கள். பழுது ஃபிலிமில் இருக்க, ஸ்கேனரைத் திருகாணி கழற்றித் திறந்து லென்ஸை அசைத்துவிட்டவர்களும் உண்டு. திறப்பது கடைசி வேலை.

## படம் மேலும் கீழும் குதிக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். காரணங்களும் அதிகம் என்பதால் வரிசை தப்பாமல் பாருங்கள்.

வகை சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா? 1932-இல் கோடக் கொண்டுவந்தது ரெகுலர் 8. சூப்பர் 8 வந்தது 1965-இல். இரண்டும் 8 மி.மீ. அகலம்தான், துளைதான் வேறு. ரெகுலர் 8-இல் துளை பெரியது, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே வரும். சூப்பர் 8-இல் துளை சின்னது, ஃபிரேமின் நடுப்பகுதிக்கு நேராக வரும். ரீலின் நடு ஓட்டையும் காட்டிக்கொடுக்கும்: ரெகுலர் 8-க்குச் சின்ன ஓட்டை, சூப்பர் 8-க்குப் பெரிய ஓட்டை. ஆனால் ரீலை மட்டும் நம்ப வேண்டாம், பிற்பாடு யாராவது மாற்றிச் சுற்றியிருக்கலாம். ஒரே பெரிய ரீலில் இரண்டு வகையையும் ஒட்டி வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். முதல் 15 நிமிஷம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று குதிக்க ஆரம்பித்தால் அந்த இடத்துத் துளையைப் பாருங்கள்.

கேட் மூடி முழுதாக அழுந்தியிருக்கிறதா? 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை மூட வேண்டும். பாதி மூடியிருந்தால் ஃபிலிம் மிதக்கும்.

ஃபிலிம் எல்லா முளைகளையும் சுற்றிப் போகிறதா? ஸ்கேனர் மேலேயே படம் போட்டிருப்பார்கள். ஒரு முளை விடுபட்டால்கூட இழுவை மாறிவிடும்.

ரீல் தங்குதடையின்றிச் சுற்றுகிறதா? நான் பார்த்த குதிப்புகளில் பாதி இங்கேதான் தீர்ந்தது. பழைய தகர ரீல் லேசாக வளைந்திருந்தால்கூட ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் உரசும். ஃபிலிம் மாட்டாமல் ரீலை மட்டும் விரலால் சுற்றிவிட்டு விளிம்பைப் பாருங்கள். ஆடினால் ஃபிலிமை நல்ல பிளாஸ்டிக் ரீலுக்கு மாற்றுங்கள். குதிப்பு சீரான இடைவெளியில் வந்தால் காரணம் ரீல் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

ஃபிலிம் சுருங்கியிருக்கிறதா? இதற்கு வேண்டியது இரும்பு ஸ்கேல் ஒன்றும் பொறுமையும்தான். வெள்ளைத் துணியில் ஃபிலிமைத் தட்டையாக வைத்து, ஒரு துளையின் மேல்விளிம்பிலிருந்து அதற்கடுத்த 100-ஆவது துளையின் மேல்விளிம்புவரை அளக்க வேண்டும். சூப்பர் 8-க்கு 423 மி.மீ. வர வேண்டும், ரெகுலர் 8-க்கு 381 மி.மீ. சூப்பர் 8 ஃபிலிம் 419-க்குக் கீழேயோ ரெகுலர் 8 ஃபிலிம் 377-க்குக் கீழேயோ போனால் ஒரு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சித்தியின் சம்பந்தி வீட்டு ரீல் ஒன்றை அளந்தபோது 416 வந்தது. அளந்தது தப்போ என்று மூன்று தடவை எண்ணினேன். துளை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துளையில் மாட்டி ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனரின் கொக்கி துளையின் நடுவில் இறங்காமல் விளிம்பில் இறங்கியது. இன்னும் பத்தடி ஓட்டியிருந்தால் ஒவ்வொரு துளையும் கிழிந்திருக்கும்.

தொழில்முறை ஆளிடம் போக வேண்டிய கட்டம்: சுருக்கம் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் வீட்டு ஸ்கேனரில் ஓட்டவே வேண்டாம். துளையில் கொக்கி போடாமல் உருளையால் நகர்த்தும் ஸ்கேனர்கள் ஸ்டுடியோக்களில் உண்டு. அங்கே போக வேண்டிய ரீல் இது. அளவு சரி, சோதனைத் துண்டும் குதிக்கிறது என்றால் கொக்கி தேய்ந்திருக்கலாம். அது சர்வீஸ் வேலை.

## ஃபிலிம் நகரவில்லை, ஒரே ஃபிரேம் திரும்பத் திரும்ப வருகிறது

எங்கே நிற்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

### ஒட்டு வரும் இடத்தில்

ஃபிலிம் துண்டுகளை இணைத்த பழைய ஒட்டுகளில் இரண்டு வகை. ஒன்று, சிமெண்ட் பசையால் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியது. அந்த இடம் தடித்திருக்கும். மற்றது டேப் ஒட்டு. பசை கசிந்து பிசுபிசுக்கும். கேட் மூடியைத் திறந்து, ஒட்டு தாண்டும்வரை கையால் மெல்ல நகர்த்திவிட்டு மூடித் தொடருங்கள். நாலைந்து ஃபிரேம் போகும், பரவாயில்லை. டேப் துளையை மூடியிருந்தால் பழைய டேப்பை எடுத்துவிட்டு 8 மி.மீ. ஸ்பிளைசரில் (ஃபிலிம் ஒட்டும் கருவி) புதிதாக ஒட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதா செலோடேப் வேண்டவே வேண்டாம், நம் வெயிலுக்கு அது உருகிப் பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

ஃபூஜியின் சிங்கிள் 8 ஃபிலிம் பாலியெஸ்டரால் ஆனது. சிமெண்ட் பசை அதில் பிடிக்காது, டேப்தான். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பாலியெஸ்டர் எளிதில் கிழியாது. சிக்கினால் ஃபிலிமுக்குப் பதில் ஸ்கேனரின் கொக்கி வளைந்துவிடும்.

### ரெகுலர் 8 ரீலில், சரியாகப் பாதியில்

இது பலருக்குப் புதிராக இருக்கும். ரெகுலர் 8 கேமராவுக்குள் போனது 16 மி.மீ. அகலமும் 25 அடி நீளமும் உள்ள ஃபிலிம். ஒரு பக்கம் எடுத்து முடித்துத் திருப்பிப் போட்டு மறுபக்கம் எடுப்பார்கள். லேபில் கழுவி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நுனியோடு நுனி ஒட்டி 50 அடியாகத் தருவார்கள். ஆக, ஒவ்வொரு 50 அடி ரீலின் நடுவிலும் ஒரு லேப் ஒட்டு கட்டாயம் இருக்கும். படம் வெளுத்துப்போய் ஒளி பாய்ந்த மாதிரி தெரிந்தால் அந்த ஒட்டு நெருங்குகிறது என்று அர்த்தம். ஓட்டத் தொடங்கி 15 நிமிஷம் கழித்து வந்து பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

### எங்கே வேண்டுமானாலும் நிற்கிறது

முதலில் சுற்றும் ரீலைப் பாருங்கள். விரலால் லேசாகத் தடுத்து விட்டால் உடனே மறுபடி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபிலிமை இழுத்துச் சுற்றும் பெல்ட்டோ கிளட்ச்சோ வழுக்குகிறது. அவசரத்துக்கு அந்த ரீலையே விட்டுவிடலாம். துவைத்துக் காய்ந்த பருத்தி வேட்டியைக் கூடையில் விரித்து, ஃபிலிம் அதில் தானாக விழட்டும். பிறகு கையால் சுற்றிக்கொள்ளலாம்.

ரீல் சுற்றுகிறது, ஃபிலிம்தான் வரவில்லை என்றால் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரண்டு மூன்று துளை கிழிந்திருந்தால் கையால் தாண்டலாம். வரிசையாகப் பத்துப் பதினைந்து கிழிந்திருந்தால் அந்தப் பகுதிக்குத் துளை ரிப்பேர் டேப் வேண்டும். ரீல் முழுக்க அப்படி என்றால் உருளை ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

ஃபிலிம் வாய்க்கால்போல் குழிந்து வளைந்திருந்தால் அது காய்ந்துபோன ஃபிலிம். அழுத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

## படம் தலைகீழ், அல்லது இடவலம் மாறி

ஆட்கள் தலைகீழாகப் பின்னோக்கி நடந்தால் ரீல் வால்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு தடவை திருப்பிச் சுற்றினால் தீர்ந்தது. திருப்பிச் சுற்றும்போது ஃபிலிம் கேட் வழியாகப் போகக் கூடாது, ரீலிலிருந்து ரீலுக்கு நேராகப் போக வேண்டும். கேட்டுக்குள் விட்டு வேகமாகச் சுற்றினால் ரீல் நெடுக ஒரே கோடு விழும், அதை அழிக்க வழியே இல்லை.

கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால் பக்கம் மாறியிருக்கிறது. கோப்பை எடிட்டிங் மென்பொருளில் இடவலமாகத் திருப்பினால் போதும், மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

## கோடு, முடி, புள்ளி

இங்கே ஒரே கேள்விதான்: அது அசைகிறதா?

அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது: கேட்டிலோ விளக்கின் மேல் உள்ள வெள்ளைத் தகட்டிலோ லென்ஸிலோ தூசு. ஃபிலிமை எடுத்துவிட்டு ரப்பர் ஊதியால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

அத்தையின் கல்யாண ரீலை ஓட்டும்போது இதை நான் கவனிக்கவில்லை. கேட்டின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய பஞ்சு இழை. குட்டித் திரையில் தெரியவில்லை. டி.வி.யில் போட்டபோது மாலை மாற்றும் இடம் முழுக்க அத்தையின் நெற்றிக்குக் குறுக்கே அது ஆடாமல் நின்றது. "ஏம்ப்பா, அப்பவே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை அத்தை என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் கேட்டைத் துடைக்கிறேன், ரீல் சுத்தமாக இருந்தாலும் சரி.

ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும் புள்ளிகள்: ஃபிலிமில் தூசு. பஞ்சு உதிராத மென்துணியை மடித்து, அதன் நடுவே ஃபிலிமை லேசாகப் பிடித்து, ஒரு ரீலிலிருந்து இன்னொரு ரீலுக்குச் சுற்றுங்கள். அடிக்கடி துணியின் புதுப்பக்கத்துக்கு மாறுங்கள். பிசுக்கு இருந்தால் 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், துணி ஈரம்படும் அளவுக்கு மட்டும், ஜன்னல் திறந்த அறையில். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு வேண்டாம், மிச்சம் தண்ணீர்தான், அது எமல்ஷனை, அதாவது ஃபிலிமின் மேல் படம் பதிந்திருக்கும் பூச்சை, இளக்கிவிடும். ஓரத்தில் பழுப்பு நிறப் பட்டை ஓடும் ஒலி ரீலுக்கு எந்தத் திரவமும் வேண்டாம்.

மேலிருந்து கீழாக நடுங்கிக்கொண்டே ஓடும் கோடு: பழைய கீறல், அந்தக் காலத்து ப்ரொஜெக்டர் போட்டது. துடைத்தால் போகாது.

சிலந்தி வலைபோல் கிளைக்கும் கோலங்கள்: பூசணம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் டப்பாவுக்குள் இது சர்வசாதாரணம். பூசணம் தின்ற இடத்தில் எமல்ஷன் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்துவிடும். ஈரத்துணி பட்டால் பூசணத்தோடு படமும் வந்துவிடும். ஓரத்தில் மட்டும் இருந்தால் காய்ந்த துணியால் மெல்லத் துடைத்து ஓட்டிவிடலாம். படத்துக்குள் பரவியிருந்தால் ஃபிலிம் சுத்தம் செய்வதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

## முகம் வெளுத்துப்போகிறது, வெளிச்சம் மினுக்குகிறது

வீட்டு ஸ்கேனர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். இருட்டான ஃபிரேம் வந்தால் கூட்டும், அடுத்து வெள்ளைச் சட்டை வந்தால் தடுமாறும்.

முதலில் அறை விளக்கை அணைத்து, ஜன்னல் வெயில் கேட்டின் மேல் விழாமல் திரையை இழுத்துவிடுங்கள். மினுக்கல் இதிலேயே குறைவதுண்டு. பிறகு எக்ஸ்போஷரை (பதிவாகும் வெளிச்சத்தின் அளவை) அரைப்படியோ ஒரு படியோ கீழே இறக்குங்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். இருட்டைக் கணினியில் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன நெற்றியையும் வேட்டியையும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே பதிவே இல்லை. ஷார்ப்னஸ் அமைப்பைக் குறைவில் வையுங்கள். கூட்டினால் ஃபிலிமின் மணல்போன்ற துகள்களையெல்லாம் அது உருவமாக்கிக் காட்டும்.

இறக்கியும் ஒரு ரீல் மட்டும் வெளுப்பாகவே வந்தால், படம் எடுத்தவர் அன்றைக்கு அதிக வெளிச்சம் விட்டிருப்பார். எல்லா ரீலும் அப்படி வந்தால் விளக்கோ சென்சாரோ பார்க்க வேண்டும், சர்வீஸ்தான்.

## எல்லாம் சிவப்பாக, ரோஜா நிறமாக

ஃபிலிமை எடுத்துவிட்டு வெறும் விளக்கைத் திரையில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ஸ்கேனர் மேல் குற்றமில்லை. மஞ்சளோ நீலமோ கலந்து தெரிந்தால் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் போகாவிட்டால் விளக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

விளக்கு வெள்ளை, படம் மட்டும் சிவப்பு என்றால் ஃபிலிமின் சாயம் போய்விட்டது. இங்கே ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் பெயர் உதவும். கோடக்ரோம் என்று இருந்தால் அது இருட்டில் வைத்தால் நிறம் இழக்காத ஃபிலிம். (2009-இல் உற்பத்தி நின்றது. 2010 கடைசியில் அமெரிக்காவின் கான்ஸாஸில் இருந்த கடைசி லேபும் அதைக் கழுவுவதை நிறுத்தியது.) கோடக்ரோம் சிவப்பாக வந்தால் ஸ்கேனர் அமைப்பை இன்னொரு முறை சந்தேகியுங்கள். மற்ற வகைகளில் நீலமும் பச்சையும் முதலில் மங்கிச் சிவப்பு மிஞ்சுவது வழக்கம். கணினியில் நிறத்தைச் சமன்செய்தால் ஓரளவு வரும். பட்டுப்புடவையின் பச்சை பழையபடி வரவேண்டும் என்றால் நிறத் திருத்தக் கலைஞரிடம்தான் போக வேண்டும், அதற்குச் செலவாகும்.

## மங்கல்

படம் முழுக்க மங்கல் என்றால் லென்ஸில் படலம் இருக்கலாம். ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்த ஸ்கேனரிலும் ரீலிலும் நீர் பூத்திருக்கும். ரீலை டப்பாவோடு ஒரு மணி நேரம் அப்படியே வைத்த பிறகு திறங்கள்.

நடு தெளிவு, ஓரம் மங்கல் என்றால் ஃபிலிம் குழிந்திருக்கிறது. இறுக்கமாகச் சுற்றி, டப்பாவில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். எனக்குச் சில ரீல்கள் இப்படி நிமிர்ந்தன, சில நிமிரவில்லை.

ஒரு காட்சி மங்கல், அடுத்தது தெளிவு என்றால் கேமரா பிடித்தவரின் ஃபோகஸ் அன்றைக்கே தப்பியிருக்கிறது. சோதனைத் துண்டும் மங்கல் என்றால் சர்வீஸ். லென்ஸை நீங்களே திருகினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

## எல்லோரும் வேகமாக ஓடுகிறார்கள்

இது கோளாறே இல்லை. பல மாடல்கள் கோப்பை வினாடிக்கு 20 ஃபிரேமாக எழுதுகின்றன. ரெகுலர் 8 பெரும்பாலும் 16-இலும் சூப்பர் 8 பெரும்பாலும் 18-இலும் எடுத்தது. எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை ரெகுலர் 8-க்கு 80 விழுக்காடு, சூப்பர் 8-க்கு 90 விழுக்காடு என்று வையுங்கள். விஎல்சி வீடியோ பிளேயரில் 0.80, 0.90 என்று வைத்து முதலில் பார்த்துக்கொள்ளலாம். சரியான வேகத்தில் 50 அடி சூப்பர் 8 ரீல் 3 நிமிஷம் 20 வினாடி ஓடும்.

## கோப்பு இல்லை, அல்லது திறக்கவில்லை

கார்டு: எந்த அளவுவரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள், 32 ஜி.பி.க்கு மேல் ஏற்காத மாடல்கள் உண்டு. கணினியில் வேண்டாம், ஸ்கேனரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பழைய மொபைலிலிருந்து எடுத்த கார்டைப் போடாதீர்கள்.

கரன்ட்: நம் ஊரில் முக்கியமான காரணம் இதுதான். வீடியோ கோப்பின் அட்டவணை (எந்த ஃபிரேம் எங்கே என்ற குறிப்பு) பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் கரன்ட் போனால் அதுவரை பிடித்தது கார்டில் கிடக்கும், ஆனால் திறக்காது. வினாடிக்கு 2 ஃபிரேம் பிடிக்கும் ஸ்கேனரில் 50 அடி சூப்பர் 8 ஓட அரை மணி நேரம் ஆகும். 400 அடி ரீலுக்கு 4 மணி நேரம். 4 மணி நேரத்தில் ஒரு தடவையாவது கரன்ட் போகும் ஊரில்தான் நான் இருக்கிறேன். கணினிக்கு வைக்கும் யு.பி.எஸ். ஒன்றில் ஸ்கேனரைச் செருகிவிட்டேன். அது இல்லாதவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். துண்டு துண்டாக வரும், கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

திறக்காத கோப்பை அழிக்காதீர்கள். அதே ஸ்கேனர் எழுதிய நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால் உடைந்ததைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. அதுவரை அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதக் கூடாது. ஆனால் ரீல் நல்ல நிலையில் இருந்தால் மறுபடி ஓட்டுவதுதான் சுலபம்.

ஸ்கேனர் தானாக அணைகிறது: அடாப்டர் வேறு எதனுடையதோ என்று பாருங்கள். வோல்டும் ஆம்பியரும் ஸ்கேனர் அடியில் எழுதியபடி இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே நம் சாக்கெட்டில் செருகுங்கள்.

## சத்தம் வரவில்லை

வீட்டு ஸ்கேனர்கள் ஒலியைப் படிப்பதில்லை. பெரும்பாலான வீட்டு ரீல்களில் ஒலியும் கிடையாது. ஃபிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப் பட்டை தெரிந்தால் மட்டும் ஒலி இருக்க வாய்ப்புண்டு. ஒலியோடு பதியும் சூப்பர் 8 காட்ரிட்ஜ் 1973-இல் வந்தது. அதில் தாத்தாவின் குரல் இருக்கலாம். படத்தை மட்டும் எடுத்துவிட்டு ரீலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒலியும் எடுத்துத் தரும் இடத்துக்கு அந்த ஒரு ரீலையாவது அனுப்புங்கள்.

## டப்பாவைத் திறந்ததும் காடி வாடை

ஸ்கேனரில் மாட்டவே மாட்டாதீர்கள். அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அந்த வாடைதான் இது. தொடங்கிவிட்டால் திரும்பாது, சேர்ந்தாற்போல் வைத்த மற்ற ரீல்களையும் கெடுக்கும். அந்த ரீலை உடனே தனியாக எடுத்து, காற்றுப்படும் அட்டைப் பெட்டியில், வீட்டிலேயே குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

வாடை லேசாக, ஃபிலிம் இன்னும் தட்டையாக, 100 துளை அளவு சரியாக இருந்தால் இந்த வாரமே ஓட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். வாடை மூக்கைத் துளைத்தால், ஃபிலிம் அலையலையாக நெளிந்தால், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், வெள்ளைத் தூள் பூத்திருந்தால் பிரிக்காமல் அப்படியே தொழில்முறை ஆளிடம் கொண்டுபோங்கள்.

கொடுக்கும்போது நான் சீட்டில் எழுதித் தருவது இவ்வளவு: ரெகுலரா சூப்பரா, எத்தனை அடி, 100 துளை அளவு எவ்வளவு, வாடை உண்டா, ஒலிப்பட்டை உண்டா, எத்தனை ஒட்டு. கேட்பதும் மூன்று கேள்விதான்: ஃபிலிமைக் கொக்கியால் இழுப்பீர்களா, உருளையால் நகர்த்துவீர்களா? எனக்கு முன்னால் ஓரடி ஓட்டிக் காட்டுவீர்களா? ரீலைத் திரும்பத் தருவீர்களா? முதல் கேள்விக்குக் கொக்கி என்று பதில் வந்தால் சுருங்கிய ரீலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அந்த 416 மி.மீ. ரீலுக்கு மூன்றாவது இடத்தில்தான் உருளை என்ற பதில் கிடைத்தது.